சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைப் பார்க்கப் பல வருடங்களாக ஆசை. 1988 பொங்கல் விடுமுறையில்தான் வாய்த்தது. பஸ்ஸில் போவதாக இருந்தேன். ஜெர்மனியிலிருந்து திரும்பிய தம்பி சேகர், அங்கிருந்து கொண்டுவந்த தன் காரில் அழைத்துப் போகிறேன் என்றான். ஒப்புக்கொண்டேன். அன்று அவன் மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டர்போ வைத்தது. அதாவது, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் விசிறி ஒன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். அது போதாதென்று, இன்னும் அதிகம் திணிக்கும்படி அங்கேயே ஒரு பட்டறையில் மாற்றி வாங்கியிருந்தான். உள்ளே போகும் காற்றை ஒரு சென்சார் அளக்கும். அதற்கேற்ப பெட்ரோல் போகும். கல்லூரியில் பௌதிகம் நடத்துகிற எனக்கு இது புரியாத விஷயமல்ல.

சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகச் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குச் சேர்ந்தோம். சாலவாக்கம் பக்கம் ஒரே புழுதி. அங்கேயே கார் இருமத் தொடங்கிவிட்டது. கோயில் சுவர் முழுக்க எழுத்து. கணக்குக் காட்டாதவன் சபைக்கு நிற்கக் கூடாது, அவன் உறவினரும் கூடாது என்கிறது. உறவினரையும் தள்ளியது அதிகப்படி என்று அப்போது நினைத்தேன்.

திரும்பும்போது பஸ் நிலையத்தருகே கார் திணறி நின்றது. புழுதி படிந்து சென்சார் தப்பாக அளக்கிறது என்று சேகர் பானெட்டைத் திறந்து அதன் ஒயரைக் கழற்றினான். என்ஜின் ஒழுங்காக ஓடியது.

“பாத்தியா அக்கா?”

“அளக்காம பெட்ரோல் எப்படிப் போகும்?”

“உள்ள இருக்கற பெட்டி உத்தேசமா ஒரு கணக்கு வச்சுக்கும். டர்போ வேலை செய்யற அளவுக்கு மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

ஆக, அவனுக்குத் தெரியும்.

காஞ்சிபுரம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அதில் ஏழுமலை என்ற கூலியாள். கரும்பு ஆலையில் வலது கை சிக்கி, உள்ளூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, காஞ்சிபுரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டு நனைந்து சிவந்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி கன்னியம்மா. சேகர் ஜன்னலருகே போனான். “எறங்கி வாங்கம்மா. அரை மணியில சேத்துடறேன்.”

“அந்தக் காரு இப்போதான வாயப் பொளந்துக்கினு நின்னுது?” என்றாள் கன்னியம்மா.

“சரியாயிடுச்சும்மா.”

“எறங்குடி. பஸ்ஸுன்னா குலுக்கியே கொன்னுடுவான்” என்றார் ஏழுமலை.

இறங்கினார்கள். ஐம்பதைத் தாண்டாதே என்றேன், சரி என்றான். அந்த வேகத்திலேயே முக்கால் மணியில் போயிருக்கலாம். ஆனால் பின்னால் வந்த அதே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டியது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்: “இன்னா சார், சீமைக் காருக்கு வைக்கோல் போட மறந்துட்டியா?”

வலியிலும் ஏழுமலை சிரித்துவிட்டார். சேகரின் காது சிவந்தது.

“வேண்டாம் சேகர்.”

மிதித்தான். டர்போ கூவியது. தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவது போல என்ஜினுக்குள் ஒரு சத்தம். காற்று ஏகமாகப் போகிறது, பெட்ரோல் அதற்குப் பாதிகூட இல்லை. மாகறலுக்குக் கொஞ்சம் முன்னால் பெரிதாக ஒரு வெடி, பிறகு புகை. கார் நின்றது. பஸ் புழுதிக்குள் மறைந்தது.

அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் போல நின்றோம். கடைசியில் ஒரு செங்கல் லாரியின் எதிரே கன்னியம்மா கைகளை விரித்து நின்றுவிட்டாள். “ஏத்திக்கினு போ நைனா! இல்லாட்டி என் மேல ஏத்திட்டுப் போ!” நானும் ஏறினேன். சேகர் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான். ஏழுமலையின் கையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காஞ்சிபுரத்தில் ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நிரூபிக்க முடியாததை நானும் சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைத் தொலைத்தது யார் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

கல்வெட்டு பார்க்கப் போகிறவர்கள் பஸ்ஸிலேயே போங்கள். மதியம் கோயில் சாத்திவிடுவார்கள். காலையிலேயே சேர்ந்துவிடுவது நல்லது. இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்களுக்கு: ஒயரைக் கழற்றினால் வண்டி ஓடத்தான் செய்யும். பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போக மட்டுமே அது உதவும். அந்த நிலையில் யாரையும் கூப்பிட்டு ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

சாயங்காலம் சேகர் ஆஸ்பத்திரிக்கு வந்தான். சட்டையெல்லாம் ஆயில். கன்னியம்மாவின் முன் நின்று, சென்சார் இல்லாததால் பெட்ரோல் போதவில்லை, அதனால் பிஸ்டன் ஓட்டையாகிவிட்டது என்று விளக்க ஆரம்பித்தான்.

“காருக்கு இன்னா ஆச்சுன்னு நான் கேக்கல சார்” என்றாள் அவள். “இனிமே இவுரு கத்திய எப்டி புடிச்சி கரும்பு வெட்டுவாரு? அத்த சொல்லு.”

சேகர் என்னைப் பார்த்தான். “என்னப் பாக்காத. அவங்களுக்குப் பதில் சொல்லு” என்றேன்.