மூன்றாவது கடிதத்தில் நைனாவின் கையெழுத்து

“பொண்ணுங்க ஒவ்வொருத்தரும் அப்பா கையெழுத்துப் போட்ட லெட்டர் கொண்டாந்தாத்தான் மாநாட்டு ஹாலுக்குள்ள கால் வைக்கலாம்னு பிரின்சிபால் சொல்லிட்டாருங்க. நான் இன்னாங்க பண்றது? என்மேல ஏன் காயறீங்க?”

வேதகிரி இதை மூன்றாவது தடவையாகச் சொன்னான். அவன் மாநாட்டுச் செயலாளர், நான் இணைச் செயலாளர். ஐந்து கல்லூரிகளுக்கு அழைப்பு எழுதியவள் நான். யார் எத்தனை மணிக்கு எதைப் பற்றிக் கட்டுரை படிப்பது என்று பட்டியல் போட்டவள் நான். அந்த ஹாலுக்குள் நான் போக என் அப்பா சம்மதிக்க வேண்டுமாம். “ஏன், பையன்களுக்கெல்லாம் அப்பா கிடையாதா?” என்று கேட்டேன். அவன் பேனா மூடியைக் கடித்தான்.

மாணவர் மாநாடு நடத்துவதை ஏதோ அறிவு சம்பந்தப்பட்ட வேலை என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும், காலையில் கண் விழித்ததும் இன்று எதற்கெல்லாம் பயப்படவேண்டும் என்று வரிசைப்படுத்துகிற வேலை அது. அறுபதுகளின் பின்பாதி. திண்டிவனத்தில் பி.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருஷம். தினமும் விழுப்புரத்திலிருந்து ரயிலில் போய்வருவேன். வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். கான்வென்டில் படித்தவள், இங்கிலீஷ் கடிதம் பிழையில்லாமல் எழுதுவாள் என்பதற்காக என்னை இணைச் செயலாளராக்கினார்கள். என் வரிசையில் முதல் பயம் என் வீட்டில் இருந்தது.

காலைக் கையெழுத்து

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அனந்தபுரம் பக்கம் நிலம், விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி; நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். தமிழ் நன்றாகப் படிப்பார், இங்கிலீஷ் தெரியாது. மெட்ராஸ் எண்ணெய் மில்லுகளுக்கு எழுத வேண்டிய கடிதங்களை எட்டாம் வகுப்பிலிருந்து நான்தான் எழுதினேன். காலையில் காபி குடித்துவிட்டு மண்டிக்குக் கிளம்புமுன், நான் அடுக்கி வைத்திருப்பதில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார். கான்வென்டுக்கு என்னை அனுப்பியதே அதற்குத்தான் என்று நான் வாய் நீளமாகச் சொல்வதுண்டு. அவர் சிரிப்பார்.

மாநாடு என்றதும் அவர் சிரிக்கவில்லை. “வெளியூர்ப் பசங்க கூடற எடத்துல உனக்கு இன்னா வேலை? பேரு ஒண்ணு கெட்டுச்சுன்னா அன்னியோட காலேஜு நின்னுது, சொல்லிட்டேன்” என்றார். பரீட்சைக்கு நாலு மாதம்கூட இல்லை. கும்பகோணத்தில் ஒரு வரன் வேறு தயாராக இருந்தது. கையெழுத்து இல்லாவிட்டால் மாநாடு இல்லை. தெரியாமல் போய் மாட்டிக்கொண்டால் பட்டமே இல்லை.

நான் மறுபடி கேட்கவில்லை. மறுநாள் காலை அடுக்கில் மூன்றாவதாக, இங்கிலீஷில் நானே எழுதின அனுமதிக் கடிதத்தைச் செருகினேன். முதலிரண்டில் போட்டவர், மூன்றாவதில் பேனாவை நிறுத்தினார். “இது யாருக்கும்மா?” என்று கேட்டார். “எப்பவும் எழுதறதுதான் நைனா” என்றேன். என் காது எனக்கே சுட்டது. அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்:

“நீ எழுதினா சரியாத்தாம்மா இருக்கும்.”

கரைவலைப் பாம்பு

நடத்துகிறவர்களும் ஒரு கட்டுரை படிக்கவேண்டும் என்பது விதி. மீன் வலையில் மாட்டும் கடல் பாம்புகளைப் பற்றி எழுதுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். நானும் என் வகுப்பிலிருந்த ரோஸ்லினும் எங்கள் லேப் டெமான்ஸ்ட்ரேட்டர் அம்மாவும் சனிக்கிழமைகளில் பஸ் பிடித்துக் கோட்டக்குப்பத்தில் இறங்கி, பொம்மையார்பாளையம் கரைக்கு மணலில் நடப்போம். ஆண்கள் வலையை இழுத்துக் கொட்டுவார்கள். துள்ளுகிற மீன்களுக்கு நடுவில் துடுப்பு மாதிரி வாலோடு பாம்புகள் நெளியும். கடித்தால் வைத்தியத்துக்கு வண்டி பிடிப்பதற்குள் கதை முடிந்துவிடும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அந்த ஆட்களோ வாலைப் பிடித்துச் சுழற்றி, பழைய துணியை எறிகிற மாதிரி கடலில் எறிவார்கள்.

நோட்டும் பென்சிலுமாக எண்ணிக்கொண்டிருந்தேன், ஆனால் கண் ரோட்டில். பாண்டிச்சேரிக்கு மல்லாட்டை ஏற்றிப்போகிற லாரி டிரைவர்களில் பாதிப்பேருக்கு என்னைத் தெரியும். தூரத்தில் ஹாரன் கேட்டால் ரோஸ்லின் முதுகுக்குப் பின்னால் ஒளிவேன். மீன் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னையும் ரோட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு என் கால் விரலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்த பாம்பைக் குச்சியால் தள்ளிவிட்டுக் கேட்டாள்:

“ஏம்மே, பாம்பு கால்கிட்ட கெடக்குது, நீ ரோட்டப் பாத்து நடுங்கிக்கினு கீற?”

மெழுகு

படிக்கப்போகும் கட்டுரைகளின் சுருக்கத்தைப் புத்தகமாகக் கொடுக்கவேண்டும். ஒவ்வொன்றையும் ஸ்டென்சில் காகிதத்தில் தட்டச்சு செய்து சைக்ளோஸ்டைல் மெஷினில் படி எடுக்கவேண்டும். கல்லூரி மெஷின் சரியாக அந்த வாரம் உயிரை விட்டது. ஒலக்கூர் வட்டார அலுவலகத்தில் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். நானும் ரோஸ்லினும் ஸ்டென்சில் கட்டோடு பஸ் ஏறினோம். உட்கார இடமில்லை. டிரைவர் பெரிய மனது பண்ணி, “கட்டை இங்க வையும்மா” என்று பக்கத்திலிருந்த என்ஜின் பெட்டியைக் காட்டினார். நன்றி சொல்லி வைத்தேன். ஸ்டென்சில் என்பது மெழுகு பூசின காகிதம், என்ஜின் என்பது அடுப்பு. இரண்டும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை.

ஒலக்கூரில் கட்டைப் பிரித்தபோது அடியிலிருந்த ஆறு தாள்கள் ஒன்றோடொன்று முத்தமிட்டுக் கிடந்தன. அதிலொன்று பிரின்சிபாலின் அண்ணன் மகன் எழுதின கட்டுரை. மாநாட்டுக்கு மூன்றே நாள். அலுவலக டைப்ரைட்டரில் நானே உட்கார்ந்து ஆறையும் திரும்பத் தட்டினேன். அவசரத்தில் எழுத்துக்கு எழுத்து இரண்டாக விழுந்தது. அந்த மெஷினும் நாலு பக்கம் ஓடும், அஞ்சாவதில் நின்றுவிடும். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த குமாஸ்தா வேர்வையைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்:

“இது உர நோட்டீஸ் தவிர வேற எதையும் கண்டதில்லீங்கம்மா. உங்க இங்கிலீஷப் பாத்து மெஷினுக்கே பயம் வந்துடுச்சு.”

நல்ல காகிதம்

ஒலக்கூர்ப் பஸ்ஸில் உருகினது ஸ்டென்சில் என்றால், அன்று சாயங்காலம் வீட்டில் உருகினது நான். நைனா ஓர் உறையை நீட்டினார். பகல் தபாலில் வந்ததாம். கல்லூரிக் காகிதம். படித்தேன். அனுமதிக் கடிதத்தில் நான் கொஞ்சம் அதிகப்படியாக எழுதிவிட்டிருந்தேன். பெண்ணின் ஆராய்ச்சிக்குக் குறுக்கே நிற்காமலிருப்பது ஒரு தகப்பனின் பாக்கியம் என்கிற ரீதியில் ஒரு பாரா. கையெழுத்து மட்டும் வாங்கியிருந்தால் போதாதா? கான்வென்ட் திமிர், வேறென்ன. அதைப் படித்துப் பிரின்சிபால் மனம் நெகிழ்ந்துவிட்டார். இப்படிப்பட்ட தந்தை மாநாட்டில் முன்வரிசையில் உட்கார்ந்து கௌரவிக்கவேண்டும் என்று அழைப்பு.

“இன்னாம்மா எழுதிக்கிறான்?” என்றார் நைனா. வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன். மில்லிலிருந்து, அடுத்த லோடை இரண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள் என்றேன். எத்தனையோ பொய் இருக்க, அவர் தொழிலில் கை வைக்கிற பொய்யா வரவேண்டும்? அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். திரும்பப் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“லோடு நிறுத்தச் சொல்றதுக்கா இத்தினி நல்ல காகிதம்?”

முன்வரிசை

மாநாட்டன்று காலை பத்து மணிக்கு ஹால் நிறைந்தது. மேடைக்குப் பக்கத்தில் நின்று பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில், பாண்டிச்சேரியிலிருந்து வந்த பேராசிரியருக்கு அடுத்த நாற்காலியில், சலவைச் சட்டையும் மேல்துண்டுமாக நைனா உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் அந்த உறை எட்டிப்பார்த்தது. லோடை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று சண்டை போட, மில் ஏஜெண்டிடமே அந்தக் கடிதத்தைக் கொண்டுபோயிருக்கிறார். ஏஜெண்ட் படித்துச் சொல்லியிருக்கிறார். அது பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், என் காலேஜ் படிப்பு அந்தச் சட்டைப்பையில் இருக்கிறது என்பதுதான்.

என் முறை வந்தது. பதினைந்து நிமிஷக் கட்டுரையை எட்டு நிமிஷத்தில் ஓட்டினேன். நைனா கண்ணெடுக்காமல் கேட்டார், ஒரு வார்த்தை புரியாமல். பாண்டிச்சேரிப் பேராசிரியர் எழுந்தார். இந்தப் பாம்புகளை நீயே பார்த்து எண்ணினாயா, யாரோ சொன்னதைக் கேட்டு எழுதினாயா, உன் எழுத்தை நாங்கள் எப்படி நம்புவது என்று இங்கிலீஷில் கேட்டார். நான் பேராசிரியரைப் பார்க்காமல் நைனாவைப் பார்த்தேன். “என் கண்ணால் பார்த்ததைத் தவிர எதையும் எழுதவில்லை” என்று அதே இங்கிலீஷில் சொன்னேன். அந்த ஹாலில் நான் பேசிய ஒரே முழு உண்மை அதுதான். அது தெரியவேண்டியவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

சாப்பாட்டு இடைவேளையில் பிரின்சிபால் நேராக நைனாவிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “உங்க லெட்டரை ஸ்டாஃப் மீட்டிங்ல வாய்விட்டுப் படிச்சேன் சார். ஒவ்வொரு தகப்பனும் இப்படி எழுதணும்” என்றார். வேதகிரி பெருமையாகச் சிரித்தான். எனக்குப் பின்னால் சுவர் இருந்ததால் நின்றேன். நைனா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பிரின்சிபாலிடம் திரும்பி, மல்லாட்டை விலை சொல்கிற குரலில் சொன்னார். பிரின்சிபால் அதை அடக்கம் என்று நினைத்துத் தோளில் தட்டிக்கொடுத்தார்.

“எம் பொண்ணு எழுதினது சார். நான் கையெழுத்துத்தான் போட்டேன்.”

பாசஞ்சர்

திரும்பும்போது ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மயிலத்தில் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பேரணியில் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கேப்பைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். அடித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ரோஸ்லினின் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார், அது ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். இது ஸ்டேஷன் ஸ்டேஷனாக வந்தது.

விக்கிரவாண்டியில் வண்டி நின்றதும், “பரீட்சை எப்போ?” என்றார். “ஏப்ரல்ல, நைனா” என்றேன். வண்டி கிளம்பி நன்றாக வேகமெடுத்த பிறகுதான் பதில் வந்தது. அதுவும் என்னைப் பார்த்து இல்லை, ஜன்னல் கம்பியைப் பார்த்து:

“எழுதிட்டு வா.”

ரெண்டு தெரு தள்ளி

கும்பகோணத்து வரன் பேச்சைத் தள்ளிப்போட்டார்கள். காலேஜ் நிற்கவில்லை. ரயில் சீசன் டிக்கெட்டை அவரே புதுப்பித்து அலமாரியில் வைத்தார். பிழைத்தேன் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை வழக்கம்போல மில் கடிதங்களை எழுதி அடுக்கி, மேலே பேனாவை வைத்தேன். அவர் காபியைக் குடித்துவிட்டு அடுக்கைத் தொடாமல் போனார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை அம்மா சொல்லித்தான் தெரிந்தது. ரெண்டு தெரு தள்ளி ஒரு ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார், இங்கிலீஷ் தபால் வந்தால் நைனா அவர் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். எழுதுவதும் அங்கேயேதான். நான் அம்மாவிடம் எகிறினேன். “அந்த மனுஷர் எழுதற இங்கிலீஷுக்கு மில்லுக்காரன் சிரிப்பான்” என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்:

“சிரிச்சா சிரிக்கட்டும்டி. அவரு எழுதினத அவரே படிச்சும் காட்டறாராம்.”

ஐந்து கல்லூரிகளை ஒரே ஹாலில் கூட்டி, ஒரு குறையுமில்லாமல் நடத்தி முடித்தவள் என்று கல்லூரி எனக்குச் சான்றிதழ் எழுதிக்கொடுத்தது, அதை வீட்டில் யாரிடம் படித்துக்காட்டுவது என்றுதான் எழுதவில்லை.

மார்ச் மாதம் ஒருநாள், நான் வீட்டிலிருக்கும்போதே தபால் வந்தது. உறையில் கல்லூரி முத்திரை. உள்ளே என்னைப் பற்றித்தான் ஏதோ இருக்கவேண்டும். நல்லதா கெட்டதா தெரியாது. நைனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மூன்று அடி தூரத்தில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் உறையைச் சட்டைப்பையில் வைத்தார், குடையை எடுத்தார், செருப்பை மாட்டினார். அந்த வெயிலில் அவர் முதுகு தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசற்படியில் நின்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தேன்:

“நைனா, குடுங்க. நானே படிச்சுச் சொல்றேன். நைனா…”