ஆறு வாரமும் இரண்டு மாடும்

போன ஞாயிறு தானா ராத்தா டவுனில், ஒரு சாப்பாட்டுக் கடையில் நண்பர் ஒருவரைப் பார்த்தேன். மருமகனுக்கு மூட்டு ஆபரேஷனாம். "நல்ல டாக்டரா?" என்று கேட்டேன். "பின்னே? ஃபீஸ் எவ்ளோ தெரியுமா லா!" என்றார்.

கேட்டது ஒன்று, வந்த பதில் வேறு. ஆனால் எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படிப் பேசிய ஆள்தானே!

என் தங்கை சரோஜா இங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். மாப்பிள்ளை முத்தையா தோட்டத்து லோரி டிரைவர். கோலா தெர்லா பக்கம் ஒரு வளைவில் லோரி மேட்டில் மோதி, ஸ்டீயரிங் அவர் மேல்வயிற்றில் இடித்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. மூன்று வாரம் கழித்து வயிறு பப்பாளி மாதிரி எழும்பிவிட்டது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி.

ஈப்போவில் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அடிபட்ட கணையத்திலிருந்து நீர் கசிந்து, பை மாதிரி தேங்கி நிற்கிறதாம். சர்ஜன் தமிழர்தான். பொறுமையாகச் சொன்னார்.

"இப்பவே வெட்ட வேணாம்மா. பையோட சுவர் இன்னும் மெல்லிசு, தையல் நிக்காது. ஆறு வாரம் பாப்போம். தானா வத்தினாலும் வத்தும். வத்தலைன்னா, சுவர் முத்தின பிறகு ஆபரேஷன்."

சரோஜா கொஞ்சம் யோசித்தாள். "எங்க வேலையில கொழுந்து முத்துனா ஆகாது டாக்டர். இதுல முத்தணுமா?"

அவர் சிரித்துவிட்டார். எனக்கோ எரிச்சல். இலவச வைத்தியம், அதான் இழுத்தடிக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டினேன். ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரித்தேன். அடுத்த நாளே நீரை எடுத்துவிடலாமாம். செலவு? சரோஜாவின் இரண்டு கறவை மாடும் வளையலும் போக வேண்டும். கம்போங் ராஜாவில் மாட்டை வாங்க ஆளும் பிடித்துவிட்டேன்... என்ன சுறுசுறுப்பு!

"மாட்டைக் குடுக்கிறது பெரிசில்லண்ணே. நாளைக்கே எடுத்தா, திரும்ப ஊறாதா? அதைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கோபம்தான் வந்தது. "புருஷனைவிட மாடு பெரிசாப் போச்சா உனக்கு?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம்... விடுங்கள்.

"போய்க் கேட்டுட்டு வாங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

போனேன். அந்த டாக்டர் நேர்மையானவர். "ஊசி வச்சு எடுக்கலாம். மறுபடி ஊற வாய்ப்பு உண்டு. ஊறினா மறுபடி எடுக்கணும்" என்றார். மறுபடி பணமும் கட்டணும் – அதை நானே புரிந்துகொண்டேன்.

சரோஜா காத்திருந்தாள். சும்மா இல்லை. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் கொழுந்துக் கூடைக் கயிறு ஒன்றை முத்தையாவின் வயிற்றைச் சுற்றிப் பிடித்து அளப்பாள். வாரத்துக்கு ஒரு முடிச்சு. காய்ச்சலோ திடீர் வலியோ வந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார் சர்ஜன். அதற்காக ஒரு டாக்சிக்காரரிடம் முன்பணமே கொடுத்து வைத்திருந்தாள். யார் அவளைக் கஞ்சம் என்றது? நான்தான்!

லயத்து வீடுகளில் அக்கம்பக்கத்து ஆட்கள் வேறு, "குடல் புரண்டிருக்கு, எண்ணெய் போட்டு உருவி விட்டா சரியாயிடும்" என்று வந்தார்கள். வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"டாக்டரே இன்னும் கை வைக்கல. நீங்க வைக்கப் போறீங்களா?"

நான்காவது முடிச்சு மூன்றாவதைத் தாண்டவில்லை. ஐந்தாவது உள்ளே வந்தது. ஆறாவது வாரம் ஸ்கேனில் அந்த நீர்ப்பை எலுமிச்சை அளவு. பிறகு அதுவும் இல்லை. சர்ஜன் கயிற்றை வாங்கி நர்ஸ்களுக்கெல்லாம் காட்டினார்.

எல்லோருக்கும் இப்படி வற்றிவிடாது. சிலருக்குக் கத்திதான் வழி. வற்றாமல் போயிருந்தால் சரோஜாவே ஆபரேஷனுக்கு முதல் ஆளாக நின்றிருப்பாள். விலையை மட்டும் விசாரித்த நான் படித்தவன். பலன் என்ன என்று கேட்டவள் அவள். அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை, அவளை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

இப்போதும் அவள் வீட்டுக்குப் போனால் காப்பி கொடுப்பாள். பழசை எடுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்ல கெட்டியான காப்பி.

நான் விலை பேசிய மாட்டுப் பால்!