வெட்டின பச்சை ஒயர்

திருமுல்லைவாயலில் எத்திராஜ் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'பாக்ஸ் எத்திராஜ்' என்று கேட்டால் டீக்கடைக்காரரே வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார். கல்யாணத்துக்கும் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கும் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுமந்து சுமந்து இடுப்பு விட்டுப்போனது. அதன் பிறகு மனிதர் வீடுகளில் பெட்டி கட்டிக்கொடுக்கும் வேலைக்கு வந்துவிட்டார். செல்போனில் இருக்கிற பாட்டை வீட்டு ஸ்பீக்கரில் கேட்க வேண்டியபடி கேட்க வைப்பது. அதுதான் தொழில்.

"போன்ல நல்லாத்தான் கீது, பெட்டில போட்டா தகர டப்பாவ உருட்டுன மாதிரி கேக்குது" என்று கூப்பிடுவார்கள். எத்திராஜ் போவார். போனில் சத்தத்தை முக்கால்வாசி வைத்து மீதியை ஆம்ப்ளிஃபையரில் ஏற்றுவார். மூலையில் சுவரோடு அப்பிக்கிடக்கிற பெட்டிகளை ஒரு முழம் முன்னால் இழுப்பார். நூல் மாதிரி ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தடி ஒயர் போடுவார். ஒரு பெட்டியில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் மேளச்சத்தம் காணாமல் போயிருக்கும். அதைத் திருப்பிக் கொடுத்தாலே வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாகிவிடும். 'ப்ளூடூத் வேணாம்மா, ஒயர் போட்டுக் கேளுங்க, சுத்தமா வரும்' என்று சொல்லாமல் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பமாட்டார்.

அவருக்கு ஒரே ஒரு எதிரி, இரைச்சல். பாட்டு ஓடாத நேரத்திலும் பெட்டிக்குள் வண்டு புகுந்த மாதிரி 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல். அதற்கு அவரிடம் பந்தலில் கற்ற வைத்தியம் இருந்தது. பிளக்கைத் திறந்து, எர்த்துக்குப் போகிற பச்சை ஒயரைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி, உள்ளேயே மடக்கி வைத்து மூடிவிடுவார். வண்டு செத்துப்போகும். பந்தலில் எல்லாரும் செய்வதுதான். செய்யாதவனைத்தான் வேலை தெரியாதவன் என்று சிரிப்பார்கள். பந்தல் ஒரு ராத்திரியில் பிரிந்துவிடும், வீட்டில் அந்த பிளக் வருஷக்கணக்கில் கிடக்கும் என்று மனிதர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஐப்பசி மழை விடாமல் பெய்து சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்த ஒரு காலை. மனைவி ஷோபனா ஈரத்துணியை எடுத்து, வீட்டில் அவர் வைத்திருந்த ஆம்ப்ளிஃபையர் மேல் இருந்த தூசியைத் துடைக்கப் போனாள். சவரம் பண்ணிக்கொண்டிருந்த எத்திராஜுக்கு அலறல்கூடக் கேட்கவில்லை. விக்கல் மாதிரி ஒரு சத்தம், அப்புறம் தடாலென்று விழுகிற சத்தம்.

பாதி முகம் சோப்போடு ஓடிவந்தார். ஷோபனா கட்டில் காலடியில் கிடந்தாள். வலது கை விரல்கள் மடங்கிப்போயிருந்தன.

"கிட்ட வராதய்யா! அத்தத் தொடாத!"

சுவிட்சை அணைத்தார். மனைவியைத் தூக்கி உட்காரவைத்தார். மூச்சு இருந்தது, பேச்சு இருந்தது. பிறகு மனசு கேட்காமல் சுவிட்சை மறுபடி போட்டு, டெஸ்டரை ஆம்ப்ளிஃபையரின் தகரத்தில் வைத்தார். விளக்கு பளிச்சென்று சிவப்பாக எரிந்தது. உள்ளே எதுவோ ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, பெட்டி முழுக்க கரண்ட் நின்றது. எர்த் இருந்திருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்கும். போக வழியில்லாமல் காத்திருந்து ஷோபனாவின் கையைப் பிடித்திருக்கிறது.

"இன்னாய்யா, பேயறஞ்ச மாதிரி நின்னுகினு கீறே? எனக்கு ஒண்ணும் ஆவல."

"ஷோபனா, எர்த்த நாந்தான் வெட்டிகீறேன்."

"நம்ம ஊட்டுலயா?"

"எல்லா ஊட்டுலயும்."

ஷோபனா மரத்துப்போன கையைத் தேய்ப்பதை நிறுத்தினாள். "கடைசியா எங்க கட்னே?"

பருத்திப்பட்டு. போன வாரம். ஏரிக்கரைப் பக்கம் ஒரு கீழ் வீடு. ஹேமநாதன் என்று பெயர், ராணுவ ஃபேக்டரியில் வேலை, மதுரைப் பக்கத்து ஆள். குவார்ட்டர்ஸை விட்டுச் சொந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள். அவர் மனைவி தேவிப்பிரியா அன்றைக்குச் சொன்னது இப்போது நெஞ்சில் வந்து குத்தியது. 'காலையில வீடு துடைக்கிறப்பத்தாண்ணே பாட்டு கேப்பேன். பழைய போனை அதுக்குன்னே வச்சிருக்கேன்.' ஈரத்தரை, வெறுங்கால். கையில் போன், போனிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒயர். ஒயர் போடச் சொன்னதும் அவர்தான்.

தேவிப்பிரியாவின் நம்பரைப் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. ஹேமநாதனைக் கூப்பிட்டுப் பயனில்லை. அந்த ஃபேக்டரிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

"கெளம்பு" என்றாள் ஷோபனா. "பக்கத்து ஊட்டு மோகனப்பிரியாவ இட்டுகினு நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிறேன். நான் சாவல. அந்தப் பொண்ணு இன்னா ஆச்சோ, போய்ப் பாருய்யா!"

காய்ந்த சோப்போடு வண்டியை எடுத்தார். சி.டி.எச். ரோடு முழுக்கத் தண்ணீர். ஆவடி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பஸ்களும் ஷேர் ஆட்டோக்களும் முட்டிக்கொண்டு நின்றன. எத்திராஜ் ஹாரனை அமுக்கியபடி நடைபாதையில் வண்டியை ஏற்றினார்.

"இன்னா நைனா, பொண்டாட்டிக்குப் பிரசவமா? அவசரத்தப் பாரு" என்று ஒரு ஆட்டோக்காரர் கத்தினார்.   ஒரு பொண்ணு ஈரத்தரையில் குப்புறக் கிடக்கிற மாதிரியும், பக்கத்தில் போன் கிடக்கிற மாதிரியும், பாட்டு மட்டும் நிற்காமல் ஓடுகிற மாதிரியும் கண்முன்னே வந்து வந்து போனது. பூந்தமல்லி ரோட்டில் திரும்பும்போது வேண்டாத சாமியையெல்லாம் வேண்டினார்.

தெருமுனையிலேயே பாட்டு கேட்டது. அவர் கட்டின பெட்டிதான். அடிமேளம் தனியாக, புல்லாங்குழல் தனியாக, நடுவில் ஒரு துளி இரைச்சல் இல்லை. மற்ற நாளாக இருந்தால் நின்று ரசித்திருப்பார். இன்றைக்கு வண்டியை வாசலில் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. போன் தானாகவே மாற்றிக்கொள்ளும், ஆள் வேண்டியதில்லை.

"அம்மா! தேவிப்பிரியாம்மா!"

கதவு உள்ளே தாழ். ஜன்னலுக்குத் திரை. ஓங்கித் தட்டினார். பாட்டுதான் பதில் சொன்னது.

மீட்டர் பெட்டி மாடிப்படிக்குக் கீழே இருந்தது ஞாபகம் வந்தது. ஓடிப்போய் மெயினை இழுத்து இறக்கினார்.

பாட்டு அறுந்தது. வீடு அமைதியானது. எத்திராஜ் படியைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். ஏரிப்பக்கம் தவளைகள் கத்தின. உள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. 

"ச்சே, இப்பத்தானே வந்துச்சு. அதுக்குள்ள போயிருச்சா?"

தேவிப்பிரியாவின் குரல். எத்திராஜ் அப்படியே ஈரப்படியில் உட்கார்ந்தார்.

கதவைத் திறந்தவள் கையில் மாப் இருந்தது. பாட்டுச் சத்தத்தில் போன் அடித்ததும் கதவு தட்டியதும் அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. "என்னண்ணே, முகமெல்லாம் சோப்பு? நீங்கதான் மெயினை அமத்துனீங்களா?"

சொன்னார். ஒளிக்காமல் சொன்னார். அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரமான தன் காலைப் பார்த்தாள்.

"அன்னைக்கே கேட்டேன்ல, எப்படிண்ணே இரைச்சல் போச்சுன்னு? தொழில் ரகசியம்மான்னு சிரிச்சீங்க."

"தப்புதாம்மா."

"எம்புள்ள ஸ்கூல் விட்டு வந்தா மொத வேலையா அந்தப் போனைத்தாண்ணே தூக்குவான்."

எத்திராஜ் அவளை வெளியே நிற்கவைத்து, மெயினைப் போட்டு டெஸ்டரை வைத்தார். பொட்டு அளவுக்கு, மங்கலாக எரிந்தது. கரண்ட் இன்னும் முழுசாக ஏறவில்லை, ஆனால் ஏறாது என்று சொல்ல யாராலும் முடியாது. பிளக்கைப் பிடுங்கித் திறந்து, பச்சை ஒயரைச் சேர்த்து, மறுபடி செருகினார். உறுமல் திரும்ப வந்தது. டிவி கேபிள் பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வருகிற ஒயரை உருவினார். உறுமல் நின்றது. இவ்வளவுதான். முதலிலேயே உருவியிருக்க வேண்டியது அந்த ஒயரைத்தான். வெட்டுவது சுலபமாக இருந்தது, தேடுவது அலுப்பாக இருந்தது.

"சரியாயிடுச்சும்மா, இப்பக் கேக்கலாம்" என்றார்.

"வேணாம்ணே. கழட்டி வச்சிருங்க. அவுக வந்து ஆளை வச்சுப் பாக்கட்டும்."

கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தார். கோபம் வரவில்லை. அவள் இடத்தில் அவர் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஷோபனாவுக்குப் போன் போட்டார். டாக்டர் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்றாள். "ரெண்டு ஊட்டப் பாத்துட்டு ஓஞ்சிடாத, மத்தவங்களுக்கும் போனப் போடு."

மழை மறுபடி பிடித்தது. ஒரு கடை வாசலில் ஒதுங்கி, முகப்பேர் ஃபிளாட்டில் பெட்டி கட்டித் தந்திருந்த வேலுசாமியைக் கூப்பிட்டார்.

"எத்திராஜா? சொல்லுப்பா. உன் பாட்டுத்தான் ஓடிக்கிட்டிருக்கு. கோயில் மணி மாதிரி இருக்கு, போ!"

"சார், பிளக்கப் புடுங்குங்க. பொட்டியத் தொடாம, மொதல்ல சுவிட்ச அமத்திட்டு அப்புறம் புடுங்குங்க. நான் வந்துகினே கீறேன்."

"ஏய், நல்லாப் பாடுறதை ஏன்யா நோண்டுற? மறுபடி இரைய ஆரம்பிச்சா?"

"இரையட்டும் சார். இப்பப் புடுங்குங்க. நீங்க புடுங்குற வரைக்கும் நான் போன வைக்கமாட்டேன்."

வேலுசாமி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். அவர் செருப்புச் சத்தமும், பின்னால் துல்லியமாக ஓடுகிற பாட்டும் எத்திராஜின் காதில் விழுந்தன.  பாட்டு நின்றது.

அடுத்து வேப்பம்பட்டு வீட்டுக்காரரின் நம்பரைத் தேடினார்.