மோட்டார் வந்த கோடை

என் கணவருக்கு யாருடனாவது வாதம் செய்யாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாது. தில்லியில் மோதி பாக் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார் அவர். நான் மத்திய சர்க்காரில் கிளார்க். குவார்ட்டர்ஸ் என் உத்தியோகத்துக்குக் கிடைத்தது, தரைத்தளம்.

வாதத்துக்கு ஆள் இரண்டாம் மாடியில் இருந்தார், திருநெல்வேலிக்காரர், ஏதோ ஒரு அமைச்சகத்தில் வேலை. எழுபதுகளின் கடைசி அது. வேற்றுக் கிரகத்தில் அறிவுள்ள உயிர்கள் இருந்தால் எப்படி இருக்கும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. "அவ்வளவு அறிவு வந்தப்புறம் எவன் சார் அடிச்சுக்குவான்? சண்டையெல்லாம் எப்பவோ விட்டிருப்பாங்க" என்பார் அவர்.

என் கணவர் விடமாட்டார். "அந்த அறிவு எப்படி சார் வந்துது? பக்கத்துல இருக்கறவனை முந்தித்தானே வந்துது? ஒரு மரம் உசந்தா பக்கத்து மரமும் உசரணும், இல்லேன்னா நிழல்ல கிடந்து சாகணும். எந்தக் கிரகமா இருந்தாலும் இதே கதைதான்."

அவர்கள் வந்து இறங்கினாலும் காபி போடப் போவது நான்தான் என்பேன். இருவரும் சிரிப்பார்கள்.

அந்தக் கோடையில் தண்ணீர் குறைந்தது. காலையில் ஒரு மணி நேரம், அதுவும் நூலாக. அடுத்த படிக்கட்டு வீட்டுக்காரர் ஒருவர் குழாயோடு சின்ன மோட்டாரைப் பொருத்தி உறிஞ்ச ஆரம்பித்தார். அவர் வீட்டில் கொட்டியது, பக்கத்து வீட்டில் நின்றது. பக்கத்து வீடும் மோட்டார் வாங்கியது. தரைத்தளத்துக்கே தண்ணீர் வராமல் போனதும் நாங்களும் வாங்கினோம். எல்லா வீட்டிலும் மோட்டார் வந்தபின் எல்லாருக்கும் மறுபடி நூல் தண்ணீர்தான். மோட்டார் இல்லாத வீட்டுக்கு அதுவும் இல்லை.

வாங்காதவர் இரண்டாம் மாடிக்காரர் ஒருவர்தான். எல்லாரும் ஒரே நாளில் கழற்றிவிட்டால் எல்லாருக்கும் வரும் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லாரும் "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார்கள். ஒருவரும் கழற்றவில்லை. நாங்களும்தான்.

அவர் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். தெருமுனை டேங்கரில் பிடித்து மாடிக்குச் சுமந்தாள். எங்கள் குழாயில் பிடித்துக்கொள்ளச் சொன்னால், மோட்டார் தண்ணீர் வேண்டாம் என்பார் அவர். கொள்கை அவருக்கு, இடுப்பு வலி அவளுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் எங்கள் வாசலில் பக்கெட்டை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "முடியலக்கா. கண்ணு இருட்டிட்டு வருது."

நேரே மாடிக்குப் போய் அவள் கணவரைப் பிடித்துக் கேட்டேன். "வேற கிரகத்துக்காரன் வந்து உங்க பொண்டாட்டிக்குத் தண்ணி தூக்குவானா?"

மறுநாள் அவர்கள் வீட்டிலும் மோட்டார் ஓடியது. சமையலறைக் குழாயில் தண்ணீர் வந்ததை என்னிடம் சொல்ல அவள் கீழே இறங்கி வந்தாள். அவ்வளவு சந்தோஷம்.

மழை தொடங்கியதும் மஞ்சள் காமாலை வந்தது. பூமிக்கடியில் குழாய் எங்கோ விரிசல் விட்டிருந்தது, பக்கத்திலேயே சாக்கடை. இத்தனை மோட்டார்கள் காலிக் குழாயை இழுத்ததில் சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்து உள்ளே வந்துவிட்டது என்று பார்க்க வந்த இன்ஜினியர் சொன்னார். பலருக்கும் வந்து போயிற்று. என் கணவர்கூடப் பத்தியம் இருந்து தேறினார். மாடியில் அவளுக்கும் வந்தது. கர்ப்பிணிக்கு வந்தால் எவ்வளவு மோசம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அந்த வாரமே அவளுக்கு நினைவு தப்பியது. அவளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போயிற்று. டேங்கர் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று இன்றுவரை மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

காரியமெல்லாம் முடிந்த சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "நீங்க சொன்னதுதான் சார் சரி" என்றார்.

எந்த வாதத்திலும் விட்டுக்கொடுக்காத என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இல்லை சார். நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன் சார்."

அன்றைக்கே இரண்டாம் மாடிக்காரர் தன் வீட்டு மோட்டாரைக் கழற்றிவிட்டார்.

மறுநாள் காலை எங்கள் குழாயில் தண்ணீர் கொஞ்சம் வேகமாக வந்தது. ஏன் என்று இருவருக்கும் தெரியும். எங்கள் மோட்டாரை என் கணவர் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். பக்கெட் நிரம்பியது. அவர் அதை நகர்த்திவிட்டு, காலியாக இருந்த இன்னொன்றைக் குழாயடியில் வைத்தார்.