எதிர் வீடு வரை போன கடல் பயணம்

என் கணவர் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. "பார்க்கலாம்" என்பார். சமையலறை ஜன்னலைப் பெரிதாக்கலாம் என்றேன், பார்க்கலாம் என்றார். ஜன்னல் இன்றைக்கும் தபால் உறை அளவில்தான் இருக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றேன், பார்க்கலாம் என்றார். நான் இன்றும் ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ்ஸில்தான் போகிறேன். அவர் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு பொருளைக் கழித்துப் போட்டால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். பரிசீலனையில் இருக்கிறது என்று ஓரமாக வைத்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. அந்த ஓரத்தில் நானும் பல வருடம் இருந்திருக்கிறேன்.

ஆகவே மாலத்தீவுப் பயணத்துக்கு நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. தகவலாகச் சொன்னேன். அதுவும் அவர் வாய் நிறையச் சாத்தமுது சாதம் இருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னேன்.

"பவளப்பாறை பார்க்கப் போறேன். ஸ்கூபா. ஏழு ராத்திரி படகுலயே தங்கல்."

விழுங்கிவிட்டுக் கேட்டார். "கரைக்கே வர மாட்டேளா?"

வர மாட்டோம். அதுதான் அந்தப் பயணத்தின் அழகு. கரையில் ஓட்டல் எடுத்துத் தங்கி, தினமும் படகில் போய் முங்கிவிட்டுத் திரும்புகிற வேலை இல்லை. படுக்கை, சாப்பாடு, காற்று நிரப்பிய சிலிண்டர் எல்லாம் ஒரே படகில். குதிக்க வேண்டியது, ஏற வேண்டியது, சாப்பிட வேண்டியது, மறுபடி குதிக்க வேண்டியது. ஒரு பவளத்திட்டைப் பார்த்து முடித்ததும் படகு அடுத்த திட்டுக்கு நகரும். தளிகை இல்லை, பாத்திரம் இல்லை, காஸ் எப்போது தீரும் என்ற கவலை இல்லை. கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் கணக்கு நடத்திவிட்டு வந்தவளுக்கு இதைவிடப் பெரிய வைகுண்டம் எதற்கு?

கடல் என்னை ஐம்பத்தொரு வயதில் பிடித்துக்கொண்டது. சென்னையில் இருக்கும் மகள் என்னைப் புதுச்சேரிக்கு அழைத்துப்போய் ஸ்கூபா வகுப்பில் சேர்த்துவிட்டாள். அவள் காது வலிக்கிறது என்று முதல் நாளே ஓடிவிட்டாள். நான் ஓடவில்லை. அதன் பிறகு இரண்டு தடவை அந்தமான். ஒவ்வொரு முங்கலையும் குறித்து வைக்கும் என் லாக் புத்தகத்தில் முப்பத்தொரு டைவ் சேர்ந்திருந்தது. மாலத்தீவுப் படகுக்காரர்கள் கேட்டது முப்பது.

தண்ணீருக்குள் தனியாகப் போகக் கூடாது, ஜோடி வேண்டும். என் ஜோடி பாலக்கரையில் இருக்கும் சிநேகிதி. அதே கல்லூரியில் வேதியியல் நடத்தியவள். படகில் பெண்களுக்கென்று ஒரே ஓர் அறைதான் மிச்சம் இருந்தது. எங்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டு அதை எடுத்துவிட்டாள்.

"நீ வரலேன்னா நானும் போகல. வேற யாரையும் நம்பி நான் இறங்க மாட்டேன். என் சிலிண்டர்ல காத்து தீந்துபோச்சுன்னா யாரு எனக்குக் காத்துக் குடுக்கறது? அல்லா மேல பாரத்தைப் போட்டுட்டு உன்னைத்தான் பிடிச்சுக்குவேன், சொல்லிட்டேன்" என்றாள்.

பாஸ்போர்ட் என்னுடையது, சம்பாதித்ததும் நான். பேசாமல் கிளம்பிப் போயிருக்கலாம். ஆனால் வீட்டில் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க என்னால் மீன் பார்க்க முடியாது. கீழே மூச்சு சீராக வர வேண்டும். மனதில் பாரம் இருந்தால் காற்று பாதி நேரத்தில் தீர்ந்துவிடும். அந்தமானில் ஒரு நாள் அவரோடு போனில் சண்டை போட்டுவிட்டு இறங்கி, கால் மணியில் மேலே வந்துவிட்டேன். அதனால் அவர் மனதார அனுப்ப வேண்டும். இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் என் மூட்டு என்ன சொல்லுமோ தெரியாது. எனக்கு அந்தப் பயணம் வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அவர் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தடைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். முதலில் என் காது. புத்தூரில் காது டாக்டரிடம் போய் இரண்டு காதும் ஒழுங்காக இருக்கின்றன என்று எழுதி வாங்கி வந்தேன். அடுத்து சாப்பாடு. பருப்பு, சாதம், பொரியல், வெங்காயம் பூண்டு கிடையாது என்று படகின் சமையல்காரர் அனுப்பிய பதிலைக் காட்டினேன். அடுத்து சுறா. அந்தப் பக்கத்துச் சுறா மனிதர்களைச் சீண்டாது என்றேன். "அதுக்கு அது தெரியுமோ?" என்றார். அந்த ஒரு கேள்வியில் மட்டும் அவர் ஜெயித்தார்.

கடைசியாக ஒரு நாள் காலை தினசரிக் காலண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கிழித்த தாளில் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதைத் தவிர அந்தக் காலண்டரால் அவருக்கு எந்த உபயோகமும் இருந்ததில்லை.

"நீ கிளம்பற சனிக்கிழமை உனக்குச் சந்திராஷ்டமம். பிரயாணம் கூடாதுன்னு போட்டிருக்கு. நான் சொல்லலை, காலண்டர் சொல்றது."

முப்பது வருடமாக என் நட்சத்திரம் எது என்று இவரைக் கேட்டால் மூன்று நட்சத்திரம் சொல்லுவார். எனக்கு வந்த கோபத்தில் காப்பியைத் தட்டென்று வைத்தேன். வைத்துவிட்டு நேராக எதிர் வீட்டுக்குப் போனேன்.

எதிர் வீட்டு மாமி என்னைவிட நாலு வயது மூத்தவர். தனியாக இருக்கிறார். நாள், கிழமை, ஹோரை எல்லாம் விரல் நுனியில். சந்தேகம் என்று போனால் சாஸ்திரத்தில் இருப்பதைச் சொல்லுவார். இல்லாவிட்டால் அங்கேயே ஒன்றை உண்டாக்கிச் சொல்லுவார். இரண்டுக்கும் குரல் ஒன்றுதான்.

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுண்டு வந்தே? பரஸ்தானம் வெச்சுட்டாப் போறது" என்றார்.

கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னாலேயே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பையை மட்டும் இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவதற்குப் பெயர் பரஸ்தானம். பை கிளம்பிவிட்டதால் பயணமே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு எந்த நாளில் புறப்பட்டாலும் கிரகங்கள் கண்டுகொள்ளாது. மாமி புதன்கிழமை ஒன்பதரை மணி என்று குறித்தார். மாலத்தீவு தெற்கே இருக்கிறது, மாமி வீடும் எங்கள் வீட்டுக்குத் தெற்கே. திசைகூடப் பொருந்திவிட்டது.

"வெளில போன பை திரும்ப ஆத்துக்குள்ள வரப்படாதுன்னு ஏதாவது இருக்கா மாமி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

மாமி என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "இருக்கு" என்றார்.

புதன்கிழமை ஒன்பது இருபதுக்குப் பையை ஹாலுக்கு இழுத்து வந்தேன். கால் துடுப்பு, தண்ணீருக்குள் போட்டுக்கொள்ளும் முகக் கண்ணாடி, ரப்பர் உடுப்பு, டார்ச் எல்லாம் சேர்ந்து நல்ல கனம்.

"ஏன்னா, ஒரு கை பிடிங்கோளேன். மாமியாத்துல வைக்கணும்."

பாவம், எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு கை என்ன, மொத்தமாகத் தானே தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினார். வலது காலை எடுத்து வைக்கச் சொல்லி மாமி உள்ளே விட்டார். பையைக் கூடத்தில் இறக்கிவிட்டு அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மாமி தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

"பேஷ். பரஸ்தானம் ஆயாச்சு. உங்க கையாலேயே ஆனது ரொம்ப விசேஷம். இனிமே இந்தப் பை கடலைப் பார்க்காம ஆத்துக்குத் திரும்பப்படாது. திரும்பினா ஆத்துக்காரருக்கு ஆகாது."

கடைசி வாக்கியம் நான் கேட்காதது. மாமி தன் பங்குக்குச் சேர்த்தது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் வேகமாக வீட்டுக்கு ஓடிவந்து, குக்கரைக் கவனிப்பது போல நின்று, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். சிநேகிதிக்கு போன் செய்து சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது.

அதற்குப் பிறகு அவர் பயணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சாப்பாடும் குறைந்தது. ஜெயித்தவளுக்கு அது அவ்வளவு நன்றாக இல்லை, ஆனாலும் நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

பையைத்தான் வெளியே அனுப்பியாயிற்றே, மறந்ததையெல்லாம் தினமும் எதிர் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியிருந்தது. இன்றைக்குக் காது மருந்து, நாளைக்கு வெயில் கிரீம். திங்கட்கிழமை மதியம், ரப்பர் உடுப்பு இன்னும் சேருகிறதா என்று பார்க்கலாம் என்று மாமி வீட்டுக்குப் போனேன். இவரிடம் மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

மாமி அடுப்பில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் என் முகக் கண்ணாடி.

"பிரமாதம்டி. மூக்கையும் மூடிடறது. கண்ணு துளி எரியல. வாயாலதான் இருமல் வரது. திரும்பி வந்ததும் இதை எனக்குக் குடுத்துடு."

நான் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அந்த உடுப்போடு மல்லுக்கட்டினேன். இடுப்பு வரை ஏறிவிட்டது. கைகளை நுழைத்தபோது இரண்டு முழங்கையும் உள்ளே மாட்டிக்கொண்டன. மேலேயும் வராது, கீழேயும் போகாது. மாமியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போது வாசலில் இவர் குரல்.

"மாமி, அந்தப் பையைக் குடுங்கோ. ஆத்துக்கு எடுத்துண்டு போயிடறேன்."

"வரப்படாதுன்னு சொன்னேனே." மூக்கு மூடியிருந்ததால் மாமியின் குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தது.

"தோஷம் எனக்குத்தானே? வந்துட்டுப் போகட்டும்."

"என்ன பயம் உங்களுக்கு? சுறாவா?"

"சுறா இல்ல மாமி." இருமினார். மிளகாய் நெடி அவருக்கும் ஏறியிருக்க வேண்டும். "அந்தமான்ல இவளை வீடியோ எடுத்திருக்கா. இவ இல்லாதப்போ போட்டுப் பார்ப்பேன். நிறைய தடவை பார்த்திருக்கேன். மூஞ்சில பாதி கண்ணாடி, பாதி குழாய். ஆனா கண்ணு தெரியறது. சிரிக்கறது அந்தக் கண்ணு. முப்பத்தொரு வருஷமா இவளோட ஒரே ஆத்துல இருக்கேன். அந்தக் கண்ணை நான் பார்த்ததில்ல மாமி. அங்க போய்த்தான் அப்படி இருப்பான்னா, ஒவ்வொரு தடவையும் எதுக்குத் திரும்பி வருவா?"

மாமியின் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று.

பார்க்கலாம் என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த மனிதர் இப்படி ஒன்றை வைத்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. கோபமும் வந்தது. என் கண்ணைப் பார்த்ததில்லை என்றால் அது யார் குற்றம், ஜன்னல் கேட்டபோது நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று நாக்கு வரை வந்தது. ஆனால் அந்த வீடியோவை அவர் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதை நினைத்ததும் நாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

கதவை முழங்காலால் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்தேன். இடுப்பு வரை கறுப்பு ரப்பர், கைகள் இரண்டும் கட்டிப்போட்ட மாதிரி, மேலே ஒரு பழைய ரவிக்கை. அடுப்பில் மிளகாய் கருகிக்கொண்டிருந்தது. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நெடி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நான் அழுதேன், அவ்வளவுதான்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, மாட்டியிருந்த கையை மெல்ல விடுவித்தார். முதலில் வலது கை, அப்புறம் இடது.

அவரிடம் நான் இதுவரை எதையும் நேராகக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தகவல் சொல்லியிருக்கிறேன், திட்டம் போட்டிருக்கிறேன், மாமியை ஏவிவிட்டிருக்கிறேன்.

"நான் போகட்டுமா?" என்று கேட்டேன்.

"போயிட்டு வா" என்றார் உடனே. "ஆனா வரச்சே அந்தக் கண்ணையும் கொண்டு வா. போன தடவை அங்கயே வெச்சுட்டு வந்துட்டே."