மூன்றாம் வாசிப்பில் நான் சொன்ன தடை

அக்காவின் கலியாணம் நின்றதற்கு, கோயிலில் எழும்பி நான் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். தன் வாய்க்கு அவ்வளவு வலிமை உண்டென்று பத்து வயதில் நினைத்தவனின் தலைக்கனத்தை நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கல்முனையில் அங்கிலிக்கன்களாகிய எங்கள் எல்லோரையும் இரண்டு வேன்களில் ஏற்றிவிடலாம். ஞாயிறுதோறும் மட்டக்களப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் குருவானவர், பூச்சி உருண்டை மணக்கும் வெள்ளை அங்கியைப் பையிலிருந்து எடுத்து உதறி மாட்டிக்கொண்டுதான் ஆராதனையைத் தொடங்குவார். எங்கள் வழக்கப்படி, கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் மாப்பிள்ளை பெண்ணின் பெயர்களைச் சபை நடுவே வாசித்து, இவர்கள் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்க வேண்டும். வீட்டில் இதைப் ‘பேர் வாசிக்கிற’ என்பார்கள். கேட்டுவிட்டு அவர் ஒரு கணம் காத்திருப்பார்; யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

அந்தக் கணம்தான் என்னைக் கெடுத்தது. அம்மா செத்தபிறகு எனக்குத் தலை சீவி, சோறு குழைத்து, காய்ச்சலென்றால் பக்கத்தில் படுத்துக்கொண்டவள் அக்கா. அவளைக் கட்டப்போகிற அத்தானுக்கு அம்பாறை நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. கலியாணம் முடிந்தால் அங்கே குவாட்டர்ஸ் கிடைக்குமாம். இதற்கு ஆட்சேபம் உண்டா என்று ஊரைக் கேட்கிறார்கள், ஊர் சும்மா இருக்கிறது.

வகுப்புத் தோழன் றபீக்கிடம் சட்ட ஆலோசனை கேட்டேன்.

“எங்கட நிக்காஹ்ல பொண்ணுட வாப்பா ஓமெண்டு சொல்லாட்டி ஒண்டும் நடக்கா,” என்றான் அவன். “உங்கட ஆக்கள் எல்லாரையும் கேக்காங்க. கேக்கிறவருக்குப் பதில் சொல்லாம இரிக்கிறது மரியாதையில்லடா.”

மூன்றாம் ஞாயிறு குருவானவர் கேட்டார், காத்திருந்தார். நான் எழும்பினேன்.

“எனக்குத் தடை இரிக்கு ஃபாதர்.”

“என்ன தடை, மனே?”

“அக்கா போனா எனக்கு ஆரு சோறு தாற?”

சபை சிரித்தது. அப்பா செருப்பைத் தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார். “விசாரிப்பம், இரு,” என்றார் குருவானவர். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் அத்தான்தான். ஆராதனை முடிந்ததும் வந்து என் முன்னால் குந்தினார்.

“மச்சான், நீயும் எங்களோட வா. உனக்கெண்டு ஒரு கட்டில் போடுறன். வழக்கை வாபஸ் எடுப்பியா?”

வளர்ந்த ஆள் ஒருவர் என்னை மச்சான் என்றது அதுவே முதல்தடவை. எனக்குச் சம்மதம்தான். ஆனால் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. “அடுத்த ஞாயிறு சொல்றன்,” என்றேன்.

புதன்கிழமை வேலைக்குப் போன அத்தான் திரும்பி வரவில்லை.

அப்பாவும் அத்தானின் தகப்பனும் இராணுவ முகாம் முகாமாக அலைந்தார்கள். எனக்கோ வழக்கு இன்னும் விசாரணையில் கிடக்கிறதே என்ற பதற்றம். ஞாயிறு காலை, மோட்டார் சைக்கிள் நிற்குமுன்பே ஓடினேன்.

“வாபஸ் எடுக்கிறன் ஃபாதர். எனக்குச் சோறு வேணாம்.”

அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. “அது தடையே இல்ல மனே. நான் பகிடிக்குச் சொன்ன,” என்றார். பெரியவர்கள் ஆறுதலுக்குப் பொய் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் நம்பவில்லை.

வாசித்த பேர்கள் மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். அது கழிந்ததும் அக்கா குருவானவரிடம் போனாள்.

“திரும்ப வாசியுங்க ஃபாதர். அவர் வந்தாப் பிறகு நாள் பிந்தக்கூடாது.”

ஆள் இல்லாமல் வாசிக்க விதியில் இடமுண்டா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. மூன்று ஞாயிறுகள் வாசித்தார். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் அவர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன், வாயெல்லாம் உப்பு. இன்னொரு மூன்று மாதம் போய், இன்னொரு முறையும் வாசித்தார். அதற்கடுத்த தடவை அக்கா கேட்கப் போகவில்லை.

அந்தச் சபையில் பாதிப்பேர் இன்று கொழும்பிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். பேர் வாசிக்க எங்கள் கோயிலில் கலியாணமும் இல்லை. அக்கா என்னோடுதான் இருக்கிறாள். என் பிள்ளைகளுக்கும் சோறு குழைத்தவள் அவள்தான். என் தடை ஏற்றுக்கொள்ளப்பட்டதாக எங்கேயோ எழுதி வைத்திருக்கிறார்களோ என்று சில மத்தியானங்களில் இப்போதும் தோன்றும்.

நடந்தது இதுதான். அந்தப் புதன்கிழமை காலை இராணுவத்தினர் அம்பாறை பஸ்ஸை வழியில் மறித்தார்கள். அடையாள அட்டை பார்த்து நான்கு தமிழ் இளைஞர்களை இறக்கினார்கள். பஸ்ஸில் இருந்த ஒரு தயிர்க்காரி பார்த்திருக்கிறாள்: சாப்பாட்டுப் பார்சலைக் கையில் பிடித்தபடி அத்தான் இரண்டாவது ஆளாக நின்றாராம். பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். பஸ் போய்விட்டது.