கத்தாத செவலை

அந்த வீதியில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பட்டப்பெயர்தான், ஆனால் காரணம் இல்லாமல் வைக்கவில்லை. காலையில் பால் கறக்க உட்கார்ந்தால் மூன்று மாடுகளுக்கும் ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். மாடுகளும் பாவம், கேட்டுக்கொண்டு நிற்கும். கட்டிப் போட்டிருக்கிறதே, எங்கே போகும்?

மூன்றில் செவலைதான் அவளுக்குத் தலைவலி. கன்று போட்டு ஒரு வருஷம் ஓடிவிட்டது, மறுபடி சினை பிடிக்கவில்லை. பால் வற்றிக்கொண்டே வந்தது. மற்ற இரண்டும் பருவத்துக்கு வந்தால் தெருவே எழுந்துகொள்ளும்படி கத்தும். உடனே டாக்டருக்குப் போன் போட்டு சினை ஊசி போட்டுவிடலாம். செவலை கத்தவே இல்லை. அவளும் இன்று கத்தும், நாளை கத்தும் என்று காத்திருந்தாள்.

"மலட்டு மாட்டுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. வித்துடுவோம்," என்றார் கணவர். மாட்டுத் தரகரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். செவலை அவள் கையில் பிறந்து வளர்ந்தது.

சுற்றியுள்ள பதினேழு ஊருக்கும் ஒரே கால்நடை டாக்டர். அடுத்த வீட்டு ஆட்டைப் பார்க்க வந்தவரைக் கையோடு அழைத்துவந்தாள்.

"மாட்டுல குறை ஒண்ணும் இல்லம்மா," என்றார் அவர். "இதுக்கு ஊமைப் பருவம். சில மாடு கத்தாது. வாலுக்கடியில பாருங்க, பருவத்துக்கு வந்தா கண்ணாடி மாதிரி ஒழுகும். அன்னிக்கே ஊசி போடணும், விட்டா இன்னும் மூணு வாரம் ஆகும். பக்கத்துல நின்னு பேசாம கவனிங்க."

"பேசாமலா?" என்றார் கணவர். "அதுக்கு மாட்டை வித்துடறதே சுலபம்."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளிலிருந்து காலையும் மாலையும் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தொழுவத்தில் நின்றாள். உடம்பு சரியில்லையா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். பதினாலாம் நாள் காலை செவலை தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுக்கியது. வாலோரம் கண்ணாடி நூல் ஒன்று மின்னியது. போன் போட்டபோது டாக்டர் பதினோராவது ஊரில் இருந்தார். சாயங்காலம்தான் வந்து ஊசி போட்டார்.

"மூணு மாசம் பார்ப்பேன். சினை நிக்கலைன்னா தரகர்தான்," என்று சொல்லிவிட்டார் கணவர்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் வந்து சோதித்தபோது, தரகரும் கயிற்றோடு வாசலில் நின்றார்.

"சினைதாம்மா," என்றார் டாக்டர்.

தரகர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். டாக்டர் கை கழுவ அவள் தண்ணீர் ஊற்றினாள். அவர் கழுவி முடித்துத் துடைத்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் கணவர். "உனக்குச் சந்தோஷம் இல்லையா?"

"சத்தம் போட்டாத்தான் உங்களுக்குத் தெரியுமா?" என்றாள், செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே.